ஒப்பீட்டுக் குழுவுக்குப் போன செய்தி

நான் எழுதிய சுற்றறிக்கைகளிலேயே எனக்குப் பெருமையாக இருந்தது ஒரு வாசிப்பு வாரத்துக்காக எழுதியதுதான். ஒரே பக்கம். வாரம் தொடங்கும் நாள், முடியும் நாள், நூலகம் திறந்திருக்கும் நேரம், கதை சொல்லும் நிகழ்ச்சி எந்த அறையில், எந்த வகுப்புக்கு எப்போது என்று எல்லாம் இருந்தன. கடைசியில், "பெற்றோர் தங்கள் குழந்தைகளின் வாசிப்புப் பழக்கத்தை ஊக்குவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று ஒரு வரி. அதன் கீழே தலைமை ஆசிரியரின் கையெழுத்து. ஓர் எழுத்துப் பிழை கிடையாது.

மறுநாள் காலையில் முதல் வகுப்புக் குழந்தை ஒன்றின் அம்மா அந்தத் தாளோடு வாசலில் நின்றார்.

"டீச்சர், படிச்சேன். எல்லாம் புரியுது. இதுல நான் என்ன செய்யணும்?"

நான் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினேன். "ஊக்குவிக்கணும்னு போட்டிருக்கு பாருங்க."

"அதான் டீச்சர், எப்படி?"

நல்லவேளை, மணி அடித்தது. பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன். அவர் கேட்டதற்கு ஒழுங்கான பதில் எனக்குக் கிடைத்தது ரொம்ப நாள் கழித்து, சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு பரிசோதனையைப் பற்றிப் படித்தபோது. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்தப் பரிசோதனைதான். அதை வைத்து எங்கள் பள்ளியில் என்ன செய்தோம், எங்கெங்கே சறுக்கினோம் என்பது கடைசியில்.

வாரத்துக்கு மூன்று, எட்டு மாதம்

2013–14 கல்வியாண்டு. சான் ஃபிரான்சிஸ்கோ பள்ளி மாவட்டத்தின் 31 முன்பருவப் பள்ளிகள். குழந்தைகளுக்கு நான்கு வயது, அடுத்த ஆண்டு கிண்டர்கார்ட்டன், அதாவது அங்கே முதல் வகுப்புக்கு முந்திய ஆண்டு. அந்த வயதில் ஒரு வீட்டில் எவ்வளவு பேச்சு, எவ்வளவு கதை, எவ்வளவு எழுத்து குழந்தையின் கண்ணிலும் காதிலும் படுகிறது என்பதில் குடும்பத்துக்குக் குடும்பம் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கும். அதைக் குறைக்க அதுவரை இருந்த வழிகள் பெரும்பாலும் இரண்டு. பெற்றோரைப் பயிலரங்குக்கு அழைக்கலாம். அல்லது பயிற்சி பெற்ற ஒருவரை வீட்டுக்கே அனுப்பலாம். பயிலரங்குக்கு வரமுடிந்தவர்கள் வருவார்கள். இரண்டு வேலை பார்த்துக் களைத்தவர்கள் வரமாட்டார்கள். வீட்டுக்கு ஆள் அனுப்பினால் காசு கரையும்.

பெஞ்சமின் யார்க், சூசன்னா லோப் என்ற ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இருவர் மூன்றாவது வழி ஒன்றைச் சோதித்தார்கள்: கைபேசிக் குறுஞ்செய்தி. 'ரெடி ஃபார் கே' என்று பெயர். 'கே' என்பது கிண்டர்கார்ட்டன். 440 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு எட்டு மாதம், வாரம் மூன்று செய்தி. ஆங்கிலம், ஸ்பானிஷ், சீனம் என்று வீட்டுக்கு ஏற்ற மொழியில். செய்தி அனுப்பிய செலவு ஒரு குடும்பத்துக்கு ஒரு டாலரை எட்டவில்லை.

மூன்று செய்திக்கும் மூன்று வேலை. திங்கட்கிழமை ஓர் உண்மை: சொல்லின் முதல் ஒலியைக் கேட்டுப் பிரித்தறிவது வாசிப்புக்கு அடிப்படை என்பது போல. புதன்கிழமை ஒரு செயல்: ஒரே ஒலியில் தொடங்கும் இரண்டு சொற்களைச் சொல்லுங்கள், அந்த ஒலி காதில் விழுகிறதா என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை ஒரு தட்டிக்கொடுப்பும் அடுத்த படியும்: நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தீர்கள், இனிக் குழந்தையையே ஒரு சொல் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அடுத்த வாரம் வேறு திறன். சில வாரம் கழித்துப் பழைய திறன் கொஞ்சம் கடினமாகத் திரும்பி வரும்.

அவற்றில் எனக்குப் பிடித்தது குளியலறைச் செய்தி. குழந்தையைக் குளிப்பாட்டும்போது ஷாம்பு பாட்டிலில் இருக்கும் எழுத்துகளைக் காட்டிப் பெயர் கேளுங்கள், அந்த எழுத்து என்ன ஒலி தரும் என்று பேசுங்கள் என்கிறது அது. அந்த அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இதற்காகத் தனியே நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. எப்படியும் குளிப்பாட்டத்தான் போகிறார்கள். புத்தகம் வாங்க வேண்டியதில்லை. பாட்டில் கையிலேயே இருக்கிறது. "வாசிப்புப் பழக்கத்தை ஊக்குவிக்குமாறு" என்று நான் எழுதியதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. குழந்தையை வாசிக்க வைப்பது ஆண்டுக்கணக்கில் நீளும் வேலை, பலனும் உடனே கண்ணில் படாது. அவ்வளவு பெரிய வேலையை அப்படியே தூக்கிக் கொடுத்தால் யாரும் தொடமாட்டார்கள். ஒரு கைப்பிடி எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

இங்கே தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'முதல் ஒலி' விளையாட்டை அப்படியே பெயர்த்தால் நம் குழந்தைகள் குழம்பும். மரம், மாடு, மீன், முயல் எல்லாம் ஒரே மெய்யொலியில்தான் தொடங்குகின்றன. ஆனால் எழுத்தைப் பார்த்தால் நான்கு வெவ்வேறு வடிவம். ஐந்து வயதுக் குழந்தைக்கு ம-வும் மீ-யும் ஒரே குடும்பம் என்பது தானாக விளங்காது. அதனால் முதல் வாரம் மரம், மணி, மயில் என்று ஒரே எழுத்தோடு நிற்கலாம். ம, மா, மி என்று போகும் வரிசையை அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். செய்தியை மொழிபெயர்ப்பதற்கும் மொழிக்கு ஏற்ப எழுதுவதற்கும் இவ்வளவு தூரம் இருக்கிறது.

என்ன கிடைத்தது

2014-இல் வெளியான முதல் அறிக்கையில் எண்கள் பளபளப்பாக இருந்தன. வீட்டில் பெற்றோர் செய்யும் வாசிப்புச் செயல்கள் 0.22 முதல் 0.34 திட்டவிலக்கம் (சராசரியைச் சுற்றி எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) வரை கூடியிருந்தன. குழந்தைகளின் எழுத்தறிவுத் திறன்களில் சில 0.21 முதல் 0.34 வரை உயர்ந்திருந்தன. செய்தித்தாள்கள் பிடித்துக்கொண்டது இந்த எண்களைத்தான். 2019-இல் ஆய்விதழில் முறையாக அச்சேறியபோது குழந்தைகளின் முன்னேற்றம் ஏறத்தாழ 0.11 என்று இறங்கிவிட்டது. நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் குழந்தை நான்கு இடம் முன்னே நகர்ந்ததாக அதை எடுத்துக்கொள்ளலாம். மாயம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு டாலர்கூடச் செலவாகாத ஒன்றுக்கு நான்கு இடம் என்பது மலிவான பேரம்.

பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு முடிவு அதே ஆய்வில் இருக்கிறது. செய்தி பெற்ற பெற்றோர் பள்ளியிலும் கூடுதலாகத் தலைகாட்டத் தொடங்கினார்கள். முதல் அறிக்கையின்படி 0.13 முதல் 0.19 வரை. செய்திகளோ வீட்டில் செய்ய வேண்டியதைப் பற்றித்தான் பேசின. குழந்தையோடு வீட்டில் ஒரு வேலையைத் தொடங்கியவருக்கு ஆசிரியரிடம் கேட்க ஒரு கேள்வி கிடைத்துவிடுகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். கேள்வி இருப்பவர் பள்ளிக்கு வருவார். எங்கள் கூட்டங்களுக்கு ஏன் ஆளில்லை என்று வருடாவருடம் அலுத்துக்கொண்ட எனக்கு இது சுருக்கென்று தைத்தது.

மறுபாதிக்கு என்ன போனது?

இனி நான் சொல்ல வந்த இடம். பரிசோதனை என்றால் ஒப்பீட்டுக் குழு வேண்டும். மருந்துச் சோதனையில் ஒரு பாதிக்கு மருந்தும் மறுபாதிக்கு வெறும் சர்க்கரை மாத்திரையும் கொடுப்பார்கள். 440 குடும்பங்களில் மறுபாதிக்கும் கைபேசியில் செய்தி போனது. இரண்டு வாரத்துக்கு ஒன்று. அதில் கிண்டர்கார்ட்டன் சேர்க்கை, தடுப்பூசி போன்றவற்றைப் பற்றிய அறிவிப்புகள் இருந்தன.

அதாவது, நாம் அனுப்புவது.

நாள், நேரம், இடம், கடைசித் தேதி, கொண்டுவர வேண்டிய சான்று. ஆய்வாளர்கள் சர்க்கரை மாத்திரையாகத் தேர்ந்தெடுத்தது ஒரு சராசரிப் பள்ளியின் வழக்கமான சுற்றறிக்கையை. அதைப் படித்த இரவு என் பழைய கோப்பை எடுத்துப் புரட்டினேன். வாசிப்பு வாரம், புத்தகக் கண்காட்சி, நூலக அட்டை புதுப்பித்தல், கதைப் போட்டி. ஒன்றுவிடாமல் எல்லாம் ஒப்பீட்டுக் குழுவுக்கான செய்தி.

இதை வைத்து ஒரேயடியாகத் தீர்ப்பு எழுதவும் கூடாது. இரண்டு குழுவுக்கும் உள்ளடக்கம் மட்டும் வேறுபடவில்லை. ஒன்றுக்கு வாரம் மூன்று, மற்றதற்கு இரண்டு வாரத்துக்கு ஒன்று. அடிக்கடி கைபேசி சிணுங்கியதே குழந்தையின் பக்கம் பெற்றோரைத் திருப்பியிருக்கலாம். சேர்க்கை நாளைச் சொல்லாமலும் இருக்க முடியாது. அது தெரியாமல் போனால் குழந்தைக்கு இடம் போய்விடும். அறிவிப்பு தேவைதான். அது வாசிப்புக்கு உதவும் என்று நினைத்துக்கொண்டு அனுப்புவதுதான் கோளாறு. நிகழ்ச்சிச் செய்தி பள்ளியில் என்ன நடக்கிறது என்று சொல்கிறது. வாசிப்புச் செய்தி இன்றிரவு உங்கள் வீட்டில் என்ன நடக்கலாம் என்று சொல்கிறது. இரண்டையும் ஒரே தாளில் போட்டால் தேதி ஜெயிக்கும். தேதியில் அவசரம் இருக்கிறது, ஷாம்பு பாட்டிலில் இல்லை.

எத்தனை, எப்போது, யாருக்கு

அதே ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் பிறகு இதையே பிரித்துப் பிரித்துச் சோதித்தார்கள். அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நடந்த சோதனையில் பெற்றோரை மூன்று விதமாகப் பிரித்தார்கள். சிலருக்கு வாரம் ஒரே ஒரு செய்தி, செயல் மட்டும். சிலருக்குப் பழைய மூன்று. சிலருக்குக் கூடுதல் செயல்களோடு ஐந்து. பெற்றோரின் பழக்கத்தை மாற்றுவதில் ஒற்றைச் செய்தி மூன்றுக்கு ஈடாகவில்லை, ஐந்தும் ஈடாகவில்லை. இதில் ஓர் உள்விவரம் இருக்கிறது. தொடக்கத்திலேயே மிகப் பின்தங்கியிருந்த கால்பங்குக் குழந்தைகளுக்கு ஒற்றைச் செய்தி, மூன்றோடு ஒப்பிட்டால், 0.15 திட்டவிலக்கம் இழப்பு. ஓரளவு தேறிய குழந்தைகளுக்கோ ஒன்றே சற்று நன்றாக இருந்தது. 'ஏன்' என்பதும் 'நன்றாகச் செய்கிறீர்கள்' என்பதும் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களிடமிருந்துதான் அதை முதலில் வெட்டிவிடுகிறோம் போல.

நாளும் முக்கியம். வேலை நாளில் அனுப்பியதையும் வார இறுதியில் அனுப்பியதையும் ஒப்பிட்டபோது சராசரியாக வார இறுதிதான் மேல், அதிலும் பின்தங்கிய குழந்தைகளுக்கு. நம் பள்ளி அலுவலகங்கள் வெள்ளி மாலை நான்கு மணிக்குப் பூட்டப்படுவதற்கும் இதற்கும் பொருத்தமே இல்லை.

மூன்றாவது சோதனை தொடக்கப்பள்ளிக்காரர்களான நமக்கு இன்னும் நெருக்கம். கிண்டர்கார்ட்டன் பெற்றோர் சிலருக்கு எல்லாருக்குமான பொதுச் செய்தி போனது. சிலருக்கு அவரவர் குழந்தை இருக்கும் படிநிலைக்கு ஏற்ற செய்தி, குழந்தையின் நிலையைக் குறிப்பிட்டு. இரண்டாவது வகைக் குழந்தைகள் மேல் வாசிப்பு நிலைக்குப் போகும் வாய்ப்பு பொதுச் செய்தி பெற்றவர்களைவிட 63 விழுக்காடு கூடுதலாக இருந்தது. எழுத்துகளைத் தாண்டி வாக்கியம் படிக்கும் குழந்தையின் வீட்டுக்கு "இன்று 'அ' எழுத்தைத் தேடுங்கள்" என்று போனால் அந்த அப்பா சிரித்துவிட்டு நகர்வார். அடுத்த செய்தியைத் திறக்கமாட்டார்.

யார் பட்டியலில் இருக்கிறார்கள் என்பது எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி. வாஷிங்டன் டி.சி.-யில் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் 6,976 பேரை வைத்து நடந்த ஒரு சோதனையில், பெற்றோருக்கு மாணவர் மதிப்பெண் பற்றிய குறுஞ்செய்தி வசதியை மூன்று விதமாகக் கொடுத்தார்கள். இணையதளத்தில் போய்ப் பதிவு செய்யுங்கள் என்று சொன்ன குழுவில் அநேகமாக யாரும் சேரவில்லை. ஒரு சொல்லைப் பதிலாக அனுப்பினால் போதும் என்றபோது கொஞ்சம் பேர் சேர்ந்தார்கள். தானாகவே சேர்த்துவிட்டு, வேண்டாம் என்றால் விலகலாம் என்றபோது மிகப் பெரும்பாலோர் விலகாமல் இருந்தார்கள். பிள்ளைகளின் மதிப்பெண்ணும் ஏறியது. படிவத்தைக் கொடுத்துவிட்டு, நிரப்பித் தராதவர்களை 'அக்கறையில்லாத பெற்றோர்' என்று பேசும் ஆசிரியர் அறைகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

கைபேசிக்கு முன்பு ஹாரிங்கேயில்

இதெல்லாம் கைபேசியின் சாதனை என்று நினைத்துவிடக் கூடாது. 1976 முதல் 1978 வரை வடக்கு லண்டனின் ஹாரிங்கே பகுதியில் ஆறு பள்ளிகளில் ஒரு திட்டம் நடந்தது. பல நாட்டுக் குடும்பங்கள் கலந்து வாழ்ந்த, வசதி குறைந்த வட்டாரம். இரண்டு பள்ளிகளில் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் பள்ளிப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். அவர்கள் சத்தமாகப் படிக்க, பெற்றோர் உட்கார்ந்து கேட்க வேண்டும். வேறு இரண்டு பள்ளிகளில் பெற்றோர் கிடையாது. பதிலுக்கு, சிறு குழுக்களுக்கு வாசிப்பு சொல்லித்தரக் கூடுதலாக அனுபவமுள்ள ஓர் ஆசிரியர். மீதி இரண்டில் எதுவும் மாறவில்லை.

இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால், பெற்றோர் கேட்ட குழந்தைகள் தெளிவாக முன்னே இருந்தார்கள். கூடுதல் ஆசிரியர் கிடைத்த குழந்தைகளிடம் அதற்கு இணையான முன்னேற்றம் இல்லை. ஆங்கிலம் படிக்கத் தெரியாத, சில வீடுகளில் எதையுமே படிக்கத் தெரியாத பெற்றோரும் அந்தக் குழுவில் இருந்தார்கள், அவர்களும் ஒத்துழைத்தார்கள். ஜாக் டிசார்ட், ஸ்கோஃபீல்ட், ஜென்னி ஹியூசன் மூவர் பெயரில் 1982-இல் இது வெளிவந்தபோது டிசார்ட் உயிரோடு இல்லை, 1979-இலேயே இறந்துவிட்டார்.

ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நடந்த இன்னொரு திட்டத்தில் பெற்றோரும் ஆசிரியரும் மகிழ்ந்தார்கள், தேர்வு மதிப்பெண் மட்டும் பெரிதாக அசையவில்லை. ஆக எங்கே செய்தாலும் ஒரே பலன் என்று சத்தியம் செய்ய முடியாது. நான் ஹாரிங்கேயை இங்கே இழுத்ததற்குக் காரணம் வேறு. அங்கே பெற்றோர் கைக்குப் போனது இன்ன பக்கம் முதல் இன்ன பக்கம் வரை என்று ஒரு குறிப்பும், கேட்டு முடித்ததும் குறித்து அனுப்ப ஓர் அட்டையும். சான் ஃபிரான்சிஸ்கோவின் புதன்கிழமைச் செய்தி அதன் பேரப்பிள்ளை.

எங்கள் பள்ளியில்

எங்கள் பள்ளிக்கு ஆய்வாளர்களும் இல்லை, ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. அதனால் பலன் இவ்வளவு என்று எண் சொல்லமாட்டேன். செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் இரண்டு ஓடைகளையும் பிரித்தோம். நிகழ்ச்சிகள் எல்லாம் மாதத்துக்கு ஒரே தாள், நாளும் கிழமையும் பெரிய எழுத்தில், முந்தின நாள் மாலை ஒரு வரி நினைவூட்டல். அதில் வாசிப்பைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. வாசிப்புக்குத் தனிச் செய்தி. என் பழைய 'ஊக்குவிக்குமாறு' வரி இப்படி மாறியது:

"இன்று பையில் நீல அட்டைப் புத்தகம் இருக்கும். நான்காம் பக்கத்தை மட்டும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தடுக்கினால் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அப்போதும் வரவில்லையா, நீங்களே சொல்லிவிடுங்கள். ஒரு பக்கம் போதும்."

"ஒரு பக்கம் போதும்" என்பதைச் சேர்க்கச் சொன்னது ஒரு சக ஆசிரியை. அவருக்கும் வீட்டில் சின்னக் குழந்தை உண்டு. போதும் என்று யாராவது சொன்னால்தான் ராத்திரி எட்டரை மணிக்கு ஆரம்பிக்கவே மனசு வரும் என்றார்.

பிறகு சறுக்கல்கள். முதல் மாதம் ஆர்வக் கோளாறில் வாரம் ஐந்து செய்தி அனுப்பினோம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில்தான். ஒவ்வொரு செய்திக்கும் கீழே கைகூப்பும் படமும் 'நன்றி டீச்சர்' என்பதும் வரிசையாக விழுந்தன. நன்றிகளுக்கு அடியில் செய்தி புதைந்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு தாத்தா நேரில் வந்து, "குழுவைச் சத்தமில்லாம வெச்சுட்டேம்மா, கோவிச்சுக்காதீங்க" என்றார். கோபம் எங்கே வந்தது, நானே என் குடியிருப்புக் குழுவை அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

குழுவை விட்டுப் பிராட்காஸ்ட் பட்டியலுக்கு மாறினோம். ஒவ்வொருவருக்கும் தனியாகப் போகும், பதிலும் எனக்கு மட்டும் வரும். இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, பாதி வீடுகளுக்குச் செய்தி போகவே இல்லை. என் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்தப் பட்டியல் வழியாகச் செய்தி சேரும். இந்தப் பக்கம் எந்த எச்சரிக்கையும் காட்டாது. அனுப்பிவிட்டேன் என்ற நிம்மதியில் நான் தூங்கியிருக்கிறேன். பிறகு வாசலில் நின்று ஒவ்வொருவர் கைபேசியிலும் எண்ணைச் சேமிக்க வைத்தோம். பள்ளிக்குத் தகவல் தொழில்நுட்பம் வந்த விதம் இது.

அதற்குப் பிறகும் ஓட்டை இருந்தது. பள்ளியில் பதிவான எண் பெரும்பாலும் அப்பாவுடையது. மாலை ஆறு மணிச் செய்தி அவரோடு வேலையிடத்தில் இருக்கும். குழந்தையோ பாட்டியோடு வீட்டில். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இருபது வினாடிக் குரல் பதிவு அனுப்பிப் பார்த்தோம். கைபேசியே வீட்டில் இல்லாதபோது குரல் யாருக்குக் கேட்கும்? கடைசியில் ஹாரிங்கேக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தோம். புத்தகத்துக்குள் செருகிய ஓர் அட்டை. மூன்று கட்டம்: எந்தப் பக்கம், யார் கேட்டார், ஒரு குறி. பக்க எண்ணை ஆசிரியர் எழுதி அனுப்புவார். குறி போடப் படிப்பு வேண்டாம். கோடு போட்டாலும் சரி.

படிநிலைக்கு ஏற்ற செய்தியை இந்த அட்டை தானாகவே செய்துவிட்டது. ஒவ்வொரு குழந்தையின் அட்டையிலும் அதன் புத்தகம், அதன் பக்கம். குழுவில் போட்டிருந்தால் யார் எந்தப் புத்தகத்தில் இருக்கிறார் என்று ஊருக்கே தெரிந்திருக்கும். அந்தத் தப்பை நாங்கள் ஒருமுறை செய்யப் பார்த்தோம். தலைமை ஆசிரியர் கடைசி நிமிடத்தில் தடுத்தார்.

கைபேசிச் செய்தியை விடவில்லை. சனிக்கிழமை காலையில் ஒன்றாகக் குறைத்தோம். அதற்குள்ளேயே ஏன், என்ன, அடுத்தது என்ன மூன்றும் மூன்று வரியில். டல்லஸ் கணக்குப்படி மூன்றாகப் பிரித்து அனுப்பியிருக்க வேண்டும். எழுதுவதற்கு ஆள் ஒருவர்தான், அது நான்.

அட்டைகள் திங்கட்கிழமை திரும்பி வரும். எல்லாம் வராது. வந்தவற்றில் சில நிமிடம் செலவழிக்காமல் அடுத்த பக்க எண்ணை எழுத முடியாது என்பதால் ஆசிரியர்கள் உண்மையிலேயே படித்தார்கள். மூன்று நாள் தொடர்ந்து அதே பக்கத்தில் நின்றால் புத்தகம் கடினம் என்று தெரியும். ஒரே நாளில் ஒன்பது பக்கம் தாண்டியிருந்தால் யாரோ மொத்தமாகக் குறி போட்டிருக்கிறார்கள் என்று தெரியும். ஓர் அட்டையில் 'யார் கேட்டார்' என்ற கட்டத்தில் வாரம் முழுக்கப் பாட்டியின் சாய்ந்த கோடு இருந்தது. வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் மட்டும் கோடு இல்லை. அந்தச் சின்ன இடத்துக்குள் பென்சிலால், வரி வளைந்து ஓரம் வரை ஏறி, குழந்தையின் கையெழுத்து: "பாட்டி தூங்கிட்டாங்க. மீதி பக்கம் நானே படிச்சேன்."